மரபு நெல் ரகங்களுக்குத் தமிழில் ஒரு சிறு விக்கி: எதில் தொடங்குவது, எப்படி நடத்துவது?

கேள்வி இது: பதினைந்து பேர் சேர்ந்து மரபு நெல் ரகங்களைப் பற்றிய தகவல்களைத் தமிழில் ஒரு விக்கியாகத் தொகுக்கப் போகிறார்கள். எந்த மென்பொருள், எவ்வளவு பெரிய சர்வர், எங்கெல்லாம் கவனம் வேண்டும்?

நிறுவுவதற்கு ஒரு பிற்பகல் போதும். சிறு விக்கிகள் படுத்துவிடுவது அதற்குப் பிறகுதான். ஸ்பேம் மண்டிவிடும், பேக்கப் இருக்காது, அல்லது எல்லாச் சாவியும் ஒரே ஆளிடம் இருக்கும். எனவே நிறுவும் நாளிலேயே இந்த மூன்றுக்கும் வழி செய்துவிடுங்கள்.

வெறும் குறிப்புகள் மட்டும் என்றால் டோக்குவிக்கி என்ற எளிய விக்கி மென்பொருள் போதும். அதற்கு டேட்டாபேஸ் கிடையாது. ஒவ்வொரு பக்கமும் ஓர் உரைக்கோப்பு. ஆனால் தமிழுக்கு அதில் ஒரு கண்ணி இருக்கிறது. கோப்பின் பெயரை அது சதவீதக் குறிகளாக மாற்றிச் சேமிப்பதால் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு (கணினி தனியாக எண்ணும் எழுத்து அல்லது எழுத்தின் துணைக்குறி) 9 இடம் போகும். கோப்புப் பெயரின் எல்லை 255. 'பி' என்பதே 'ப', 'ி' என இரண்டு குறியீடு என்பதால், சற்று நீளமான தலைப்பு வைத்தாலே சேமிக்க முடியாமல் போகும். முதல் பக்கத்தை எழுதும் முன்பே கோப்புப் பெயர் முறையை, தமிழை அப்படியே சேமிக்கும் யுடிஎஃப்-8 என்று அமைப்புகளில் மாற்றிவிட வேண்டும்.

உங்களுக்கு ரகத்துக்கு ஒரு தகவல் பெட்டி, பட்டம் (விதைப்புப் பருவம்) வாரியாகப் பகுப்பு, நிறையப் படங்கள் எல்லாம் தேவைப்படும். அதனால் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளே பொருத்தம் என்பேன். நீண்டகால ஆதரவுள்ள 1.43 பதிப்பை எடுங்கள். 2027 டிசம்பர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும். பிஎச்பி (விக்கி எழுதப்பட்ட நிரல்மொழி) 8.1 அல்லது அதற்கு மேல், மரியாடிபி என்ற டேட்டாபேஸ், 2 ஜிபி ரேம் உள்ள சிறிய சர்வர் போதும். இங்கே தலைப்பின் எல்லை 255 பைட். தமிழ்க் குறியீடு ஒன்றுக்கு 3 பைட் என்பதால், 'மாப்பிள்ளைச் சம்பா' 52 பைட்தான். நெருக்கடி இல்லை.

நிறுவும்போதே விக்கியின் மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்தில் நிறுவி, 'பகுப்பு:', 'வார்ப்புரு:' (பல பக்கங்களில் திரும்பப் பயன்படும் அச்சு) என்று பக்கங்களை உருவாக்கிவிட்டுப் பிறகு மொழியை மாற்றினால், அந்தப் பக்கங்கள் தவறான பெயர்வெளியில் (பக்கங்களை வகைபிரிக்கும் பகுதியில்) மாட்டிக்கொள்ளும். அவற்றை மீட்கப் பராமரிப்பு ஸ்கிரிப்ட் ஓட்ட வேண்டிவரும்.

அடுத்தது கதவு. மீடியாவிக்கியின் இயல்பு அமைப்பில் கணக்கே இல்லாதவரும் தொகுக்கலாம். அப்படியே விட்டால் சில வாரங்களில் சூதாட்ட விளம்பரங்கள் குவிந்துவிடும். லோக்கல்செட்டிங்ஸ் என்ற அமைப்புக் கோப்பில் கணக்கில்லாதோர் தொகுப்பதையும், தாமாகக் கணக்குத் திறப்பதையும் நிறுத்திவிட்டு, பதினைந்து பேருக்கும் நிர்வாகியே கணக்கு திறந்து கொடுக்கட்டும். பின்னாளில் பதிவைத் திறந்துவிட்டால், மென்பொருளோடே வரும், ஸ்பேமைத் தடுக்கும் கன்ஃபர்ம்எடிட் நீட்சியில் நீங்களே எழுதும் கேள்வியை வையுங்கள். 'மாப்பிள்ளைச் சம்பா அரிசியின் நிறம் என்ன?' என்று கேட்டால், 'சிவப்பு', 'சிகப்பு' இரண்டையும் விடையாகச் சேருங்கள். இல்லாவிட்டால் உழவரே வெளியில் நிற்பார். சில மாதங்களுக்கு ஒருமுறை கேள்வியை மாற்றிவிடுங்கள்.

படப் பதிவேற்றம் இயல்பாக மூடியிருக்கும், திறந்துவிட வேண்டும். திறந்த பிறகும் கைப்பேசிப் படம் ஏறவில்லை என்றால் விக்கியைக் குறை சொல்ல வேண்டாம். பிஎச்பியின் இயல்பு எல்லை 2 எம்பி, கைப்பேசிப் படமோ பெரும்பாலும் அதற்கு மேல். அந்த எல்லையை 10 எம்பி ஆக்குங்கள். ஒரே தடவையில் அனுப்பும் மொத்தத் தரவின் எல்லையையும் அதற்குச் சற்று மேலே உயர்த்துங்கள்.

விக்கிப்பீடியாவின் தகவல் பெட்டியை நகலெடுக்க ஆசை வரும். வேண்டாம். ஒரு வார்ப்புருவை இழுத்தால் அதன் பின்னால் எத்தனையோ வார்ப்புருக்களும் லுவா நிரல்களும் வரிசையாக வரும். வயது (எத்தனை நாள் பயிர்), பட்டம், நிலம், பயிரின் உயரம், அரிசியின் நிறம், பார்த்த ஊர், பார்த்த ஆண்டு என்று ஏழு வரிசையில் ஓர் அட்டவணையை நீங்களே எழுதிவிடலாம். கடைசி இரண்டையும் விடாதீர்கள். ஒரே ரகத்துக்கு ஊருக்கு ஒரு நாள் கணக்கு சொல்வார்கள். எங்கே, எப்போது என்று எழுதாத எண்ணை யாராலும் சரிபார்க்க முடியாது.

அதிகம் சண்டை வருவது பெயர்களில்தான். கருப்புக் கவுனி என்ற ரகத்தையே பாருங்கள்: கருப்பு, கறுப்பு, கவுனி, கவுணி, நடுவில் 'க்' உண்டா இல்லையா. இதிலேயே எட்டு வடிவம் வந்துவிடுகிறது. ஒன்றில் பக்கத்தை வைத்து மற்ற ஏழையும் அந்தப் பக்கத்துக்கே கொண்டுபோகும் வழிமாற்றாக்குங்கள். 'கௌனி' என்று எழுதுவோரும் உண்டு. அதைச் சிலர் 'கெ', 'ள' என்று பிரித்துத் தட்டிவிடுவார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும். கணினிக்கு இரண்டும் வேறு. பக்கம் இருந்தும் இணைப்பு, பக்கமே இல்லாததுபோலச் சிவப்பாகத் தெரிந்தால் முதலில் இதைப் பாருங்கள். உடன்வரும் தேடல், வேற்றுமை உருபுகளை அறியாது. 'சம்பா' என்று தேடினால் 'சம்பாவை' வராது. 'சம்பா*' என்று நட்சத்திரக் குறியோடு தேடச் சொல்லி முதற்பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

உழவர்களின் கைப்பேசி எண்ணை அவர்கள் இசைவு இல்லாமல் பக்கத்தில் போடக் கூடாது. பிறகு நீக்கினாலும் வரலாற்றில் அது அப்படியே கிடக்கும். அந்தத் திருத்தத்தையும் நிர்வாகி தனியாக மறைக்க வேண்டும். உரிமத்தையும் முதல் நாளே முடிவு செய்யுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0 (மூலம் சொல்லி, அதே உரிமத்தில் பகிர அனுமதிப்பது) என்று வைத்தால் தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து மூலம் குறிப்பிட்டு எடுக்கவும் கொடுக்கவும் வழி இருக்கும். நூறு பேர் எழுதிய பிறகு உரிமத்தை மாற்ற நூறு பேரிடமும் கேட்க வேண்டும்.

பேக்கப் என்றால் டேட்டாபேஸ், படக் கோப்புறை, லோக்கல்செட்டிங்ஸ் கோப்பு ஆகிய மூன்றும். பக்கங்களை ஒரே கோப்பாக எடுத்துத் தரும் எக்ஸ்எம்எல் ஏற்றுமதி மட்டும் போதாது. அதில் பயனர் கணக்குகள் இருக்காது, அதை ஓட்டும் வழக்கமான முறையில் படங்களும் வராது. தினமும் இரவு எடுத்து வேறொரு இடத்துக்கு அனுப்புங்கள். டேட்டாபேஸை எடுக்கும்போது எழுத்துக் குறிமுறையை 'பைனரி' என்று குறிப்பிடாவிட்டால், மீட்கும்போது தமிழ் முழுவதும் சிதைந்த எழுத்துகளாக வரக்கூடும். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்னொரு கணினியில் மீட்டு, நாலு தமிழ்ப் பக்கங்களைத் திறந்து பாருங்கள். பதிப்பு உயர்த்தும் முன்னும் இதே பேக்கப். உயர்த்திய உடனே அப்டேட் ஸ்கிரிப்டை ஓட்ட மறந்தால் பக்கங்கள் பிழை காட்டும்.

நிர்வாகி உரிமை மூவருக்கு. டொமைன் பதிவு, சர்வர் கணக்கு இரண்டின் கடவுச்சொல்லும் குறைந்தது இருவரிடம். டொமைன் புதுப்பிக்கும் நினைவூட்டல், ஒருவருடைய சொந்த மின்னஞ்சலுக்குப் போகாமல் குழுவின் பொது மின்னஞ்சலுக்கு வரட்டும்.