மண்சுவர், புல்கூரை, படிவயல்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உலகப் பாரம்பரியப் பட்டியலில் கோட்டையும் கோயிலும் இருப்பது சரி. வயலும் திராட்சைத் தோட்டமும் எப்படி இடம்பெற்றன?

பதில்: இந்தப் பட்டியலுக்கு அடிப்படையான யுனெஸ்கோவின் 1972ஆம் ஆண்டு உடன்படிக்கை, இடங்களைப் பண்பாடு, இயற்கை என்று இரண்டாகப் பிரித்தது. மனிதர் தலைமுறை தலைமுறையாகத் திருத்திய நிலம் இரண்டிலும் பொருந்தவில்லை. 1992இல் ‘பண்பாட்டு நிலவெளி’ என்ற வகை வந்தது. திட்டமிட்டு அமைத்த தோட்டங்கள், பிழைப்புக்காகத் திருத்தி வந்த நிலங்கள், மக்களின் நம்பிக்கையோடு கலந்த மலைகள் என அதில் மூன்று பிரிவுகள். நியூசிலாந்தின் டோங்காரிரோ எரிமலைகள் 1993இல் இந்த வகையில் முதலில் சேர்ந்தன. பிலிப்பைன்ஸ் படிவயல்களும் (1995) சுவிட்சர்லாந்தின் லாவோ திராட்சைச் சரிவுகளும் (2007) இரண்டாவது பிரிவு. காப்பது கடினமானதும் அதுதான். உழைப்பவர் விலகிவிட்டால் எந்த வேலி போட்டும் அதைக் காப்பாற்ற முடியாது.

கேள்வி: மாலி நாட்டின் ஜென்னே நகர மசூதிக்கு ஆண்டுதோறும் மண் பூசுகிறார்களே, ஒரே தடவை சிமென்ட் பூசிவிட்டால் வேலை மிச்சமாகாதா?

பதில்: மிச்சமாகாது, சுவரே போய்விடும். மண்சுவர் தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் ஈரத்தை உறிஞ்சும், வெயிலில் அதை வெளியே விடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. மண் ஈரத்தில் உப்பி, காய்ந்து சுருங்கும். சிமென்ட் அப்படி அசையாது. எனவே இடையில் மயிரிழை விரிசல் விழும். மழைநீர் அதன்வழி உள்ளே போகும், ஆனால் திரும்பி வராது. வெளியே பார்த்தால் சுவர் திடமாகத் தெரியும். உள்ளே அடிப்பகுதி சேறாகி, ஒருநாள் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும்போது பின்னால் தாங்குவதற்கு ஒன்றும் இருக்காது.

ஜென்னேயில் மண்ணோடு நெல் உமி சேர்த்து, நீர் விட்டுப் பல நாள் புளிக்க வைக்கிறார்கள். உமி மட்கும்போது கலவைக்குப் பசைத்தன்மை கூடுகிறது, நார் விரிசலைத் தடுக்கிறது. சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் பனைக்கழிகள் வெறும் அழகுக்கானவை அல்ல. பூசுபவர்கள் ஏறி நிற்கும் சாரம் அவைதான். கூரைநீர் சுவரில் வழியாதபடி சுடுமண் குழாய்கள் அதைத் தள்ளி விழச் செய்கின்றன. ஒவ்வொரு மழையிலும் கரைந்துபோவதற்கென்றே பூசப்படுவது இந்தப் பூச்சு. அது கரைவதால்தான் சுவர் நிற்கிறது.

எந்த ஊர் மண்சுவருக்கும் செய்யக்கூடிய சோதனை: கண்ணாடிக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்கு நீரும் விட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களிமண் ஒரு நாள் கழித்து. பச்சை மண்கட்டிக்குக் களிமண் 15 முதல் 30 சதவீதம் வரை இருந்தால் நல்லது. பூச்சுக்கு, மண்ணும் மணலும் 1:1, 1:2, 1:3 என மூன்று கலவைகளைச் சுவரில் சிறு சதுரங்களாகப் பூசிக் காயவிடுங்கள். விரிசல் விட்டால் களிமண் அதிகம், தேய்த்தால் உதிர்ந்தால் மணல் அதிகம்.

கேள்வி: ஜப்பானின் ஷிரகவாகோ புல்கூரைகள் எத்தனை ஆண்டு தாங்கும்?

பதில்: சாதாரணமாக 30 முதல் 40 ஆண்டு. புல் தானாக நீரைத் தடுப்பதில்லை, சரிவுதான் தடுக்கிறது. அங்கே சரிவு ஏறக்குறைய 60 பாகை. பனியும் சறுக்கி விழும். 45 பாகைக்குக் கீழே போனால் நீர் நின்று புல் அழுகத் தொடங்கும். சட்டகத்தை ஆணியில்லாமல் வைக்கோல் கயிற்றாலும் முறுக்கிய கிளைகளாலும் கட்டுவதால், பனிப்பாரத்தில் அது முறியாமல் சற்று நெகிழும். வீட்டு நடுவே எரியும் அடுப்பின் புகை புல்லை உலர்த்தி, பூச்சியை விரட்டும். அடுப்பை அணைத்துவிட்டு வீட்டைக் காட்சிப்பொருளாக மட்டும் வைத்தால் கூரையின் ஆயுள் குறையும். ‘யுய்’ எனும் முறையில் ஊரே கூடி வேய்கிறது. இன்று உங்கள் கூரை, பிறகு என் கூரை.

கேள்வி: உலகப் பாரம்பரிய இடங்களில் ‘ஆபத்தில் உள்ளவை’ என்ற பட்டியலில் சேர்வது தண்டனையா?

பதில்: இல்லை, உதவி கோரும் வழி. பிலிப்பைன்ஸ் படிவயல்கள் 2001இல் அதில் சேர்ந்து, சீரமைப்புக்குப் பின் 2012இல் வெளிவந்தன. தண்டனை என்றால் உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கம்தான். ஜெர்மனியின் டிரெஸ்டன் எல்பே பள்ளத்தாக்கு 2004இல் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நடுவே நான்கு வழிப் பாலம் கட்டியதால் 2009இல் நீக்கப்பட்டது.

கேள்வி: அந்தப் படிவயல்களின் கரைகள் ஏன் சரிகின்றன? பழுதுபார்ப்பது எப்படி?

பதில்: பெரும்பாலும் காய்வதால். இளையவர்கள் நகரத்துக்குப் போக, வயல் நடவில்லாமல் கிடக்கிறது. சேறு காய்ந்து வெடிக்கிறது. அடுத்த மழை வெடிப்புக்குள் இறங்கிக் கரையின் முதுகைத் தள்ளுகிறது. மண்புழு வளைகளும் கசிவைக் கூட்டும். மேலே ‘முயோங்’ எனும் குடும்பக் காடு அழிந்தால் கோடையில் நீர் வராது, மழையில் வெள்ளமாக வரும். ஆகவே கரையைத் தொடுமுன் காட்டையும் மடையையும் பாருங்கள்.

சரிந்த கல்கரையை உறுதியான மண் தெரியும்வரை பிரித்துவிட வேண்டும். பெரிய கல் அடியில். ஒவ்வொரு கல்லும் கீழுள்ள இரண்டின் இணைப்பின்மேல், நீளவாக்கு உள்நோக்கி இருக்கும்படி அமரட்டும். முகம் மலைப்பக்கம் சற்றே சாய வேண்டும். பின்புறம் சிறு கற்களை நெருக்கி நிரப்புங்கள், வெறும் மண்ணைக் கொட்டாதீர்கள். இடுக்கில் சிமென்ட் வேண்டாம். நீர் வெளியேற வழியில்லாத கரை முதலில் வயிறு தள்ளும். அதைக் கண்ட உடனே பிரித்துக் கட்டினால் சில முழம் வேலை, அடுத்த மழைவரை விட்டால் கீழுள்ள வயல்களும் சேர்ந்து போகும்.