மடக்கு ஏணியை மடக்கியபடி சாய்த்து ஏறலாமா?

கேள்வி: புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணிக்கடை வைத்திருக்கிறேன். தட்டுகளுக்கு இடையே உள்ள வழி ஒடுக்கம். மடக்கு ஏணியை விரிக்க முடியாததால், மடக்கியபடியே தட்டில் சாய்த்துப் பையன்கள் ஏறுகிறார்கள். போன கிழமை ஒருவர் சறுக்கி விழப் பார்த்தார். விலை கூடிய ஏணி வாங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: அதையும் இப்படியே சாய்த்தால் அதுவும் சறுக்கும். தயவுசெய்து இன்றைக்கே இந்தப் பழக்கத்தை நிறுத்துங்கள்.

மடக்கு ஏணி விரித்து நிற்பதற்காகச் செய்தது. விரித்தால்தான் கால்களின் அடிப்பகுதி தரையில் முழுதாகப் படியும். மடக்கிச் சாய்த்தால் றப்பரின் ஒரு விளிம்பு மட்டுமே தரையைத் தொடும். காலையில் துடைத்த டைல்ஸ், அதன் மேல் பொலித்தீன் உறை ஒன்று கிடந்தால் கேட்கவே வேண்டாம்.

உங்கள் இடத்துக்கு ஏற்றது ஒற்றைச் சாய்வு ஏணி. மேல்முனை சாயும் உயரத்தில் நாலில் ஒரு பங்கு, ஏணியின் அடிப்பக்கம் வெளியே வர வேண்டும். 8 அடி உயரத்தில் சாய்த்தால் அடிப்பக்கம் 2 அடி தள்ளி நிற்கும். அவ்வளவு வழி உங்களிடம் இருக்கும் என்றே நினைக்கிறேன். தட்டின் மேல் நீளத்துக்கு ஒரு குழாய் பொருத்தி, ஏணியின் தலையில் கொக்கி வைத்து மாட்டினால் இன்னும் நல்லது. ஆனால் அதற்கு முன் தட்டுகளைச் சுவரோடு ஆணி வைத்து இறுக்குங்கள். ஆள் பாரத்தில் தட்டே சரிந்து வந்தால் ஏணி என்ன செய்யும்?

அப்புறம், பெட்டி. எனக்கு அதிகம் பயம் இதில்தான். ஏணியில் நிற்கிறவருக்கு இரண்டு கால், ஒரு கை எப்போதும் ஏணியில் இருக்க வேண்டும். சேலைப் பெட்டியை இரு கையாலும் அணைத்துக்கொண்டு, கீழ்ப்படியைக் காலால் தடவித் தேடி இறங்குகிற பையனைப் பாருங்கள். அவரைப் பிடித்திருப்பது எதுவுமே இல்லை. மேலேயே பெட்டியைத் திறந்து, சிறு சிறு கட்டாகக் கீழே நிற்பவரிடம் கொடுக்கட்டும். ஒரு தடவைக்கு 10 கிலோவைத் தாண்ட வேண்டாம். எட்டி எடுக்கும்போது தொப்புள் ஏணியின் இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும். அதற்கு மேல் எட்ட வேண்டுமானால் இறங்கி, ஏணியை நகர்த்தட்டும். நேரம் போகும்தான், போகட்டும்.

அன்றாடம் விற்கிற துணியை முழங்காலுக்கும் தோளுக்கும் இடையில் அடுக்குங்கள். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் மட்டும் இறக்குகிற சரக்கு மேலே போகட்டும். பாதி ஏற்றம் அதிலேயே குறைந்துவிடும்.

லைட் மாற்ற அலுமினிய ஏணி வேண்டாம், அதில் கரண்ட் பாயும். ஃபைபர் ஏணி எடுத்து, மெயின் சுவிட்சையும் நிறுத்திவிட்டு ஏறச் சொல்லுங்கள்.

யாராவது விழுந்து, முதுகோ கழுத்தோ நோகிறது என்றால் தூக்கி ஓட்டோவில் ஏற்றாதீர்கள். அசைக்காமல் வைத்து 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்ஸ் இலவசம்.

இன்று கடை பூட்டும் முன் ஏணியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். றப்பர் வழுவழுவென்று தேய்ந்து உலோகம் தெரிந்தால், புது றப்பர் போடும்வரை அதை யாரும் எடுக்காதபடி பூட்டி வையுங்கள்.