நான்கு கிலோமீட்டர் வித்தியாசம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் பிக்கப்பை விற்றுவிட்டுச் சிறிய ஹைப்ரிட் கார் வாங்கியதாகச் சென்ற மாதக் கட்டுரையில் ஒரு பத்தி எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு பத்தியை வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் மூன்று நாளாகப் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

என்னிடம் பதினோரு வருடமாக ஒரு டபுள் கேபின் பிக்கப் இருக்கிறது. பெட்ரோல் வண்டி. லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுக்கிறது. வருடத்துக்கு 20,000 கிலோமீட்டர் ஓடும். மாற்றிவிடலாம் என்கிறாள் மனைவி. ஐந்து பேர் வசதியாக உட்கார நாங்கள் பார்த்து வைத்திருக்கும் கார் லிட்டருக்கு 12 கொடுக்குமாம். என் தம்பி போன வருடம் 15 கொடுத்துக்கொண்டிருந்த காரை விற்றுவிட்டு 25 கொடுக்கும் ஹைப்ரிட் வாங்கினான். பத்து கிலோமீட்டர் கூடுதல். அதில் அர்த்தம் இருக்கிறது. வெறும் நான்கு கிலோமீட்டருக்காக நன்றாக ஓடும் வண்டியை விடுவதா?

இன்னொன்று. புதிதாக ஒரு கார் செய்வதற்கே எவ்வளவு இரும்பு, எவ்வளவு கரி! இருப்பதை ஓட்டித் தேய்ப்பதுதானே பூமிக்கு நல்லது?

கடைசியாகச் சொல்லத் தயங்கும் ஒன்று. வீடு மாறுகிறவர்கள், கட்டில் வாங்கியவர்கள், மரம் வெட்டியவர்கள் எல்லோரும் கூப்பிடுவது என்னைத்தான். வண்டி போனால் அந்தப் போனும் நின்றுவிடும். உங்களுக்கு வருத்தமே இல்லையா?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

வருத்தம் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் நீங்கள் சிறியதென்று ஒதுக்கும் அந்த நான்குதான் இங்கே பெரியது.

உங்கள் 20,000 கிலோமீட்டரையே எடுத்துக்கொள்வோம். லிட்டருக்கு 8 என்றால் வருடத்துக்கு 2,500 லிட்டர் வேண்டும். 12 கொடுக்கும் வண்டிக்கு 1,667 லிட்டர் போதும். மிச்சம் 833 லிட்டர். தம்பியும் அதே தூரம் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 கொடுத்த காருக்கு 1,333 லிட்டர், 25 கொடுக்கும் ஹைப்ரிட்டுக்கு 800. அவருக்கு மிச்சம் 533 லிட்டர்தான். பத்து கிலோமீட்டர் கூடியவரைவிட நான்கு கிலோமீட்டர் கூடுகிற நீங்கள் 300 லிட்டர் அதிகம் மிச்சம் பிடிக்கிறீர்கள்.

நம்புவதற்குக் கடினமாக இருந்தால் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நான் இரண்டு முறை போட்டுப் பார்த்த பிறகுதான் நம்பினேன். ஒரு லிட்டரில் எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டே நமக்குப் பழக்கம். ஆனால் ஒருவரும் ஒரு லிட்டரை வாங்கிக்கொண்டு, எங்கே போகலாம் என்று யோசிப்பதில்லை. போகவேண்டிய இடம் முன்பே முடிவாகியிருக்கிறது. வேலைக்கும் பள்ளிக்கும் உள்ள தூரம் மாறாது, எண்ணெய்தான் மாறும். ஆகவே, 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கேட்க வேண்டும். உங்கள் பிக்கப்புக்கு 12.5 லிட்டர். பார்த்து வைத்திருக்கும் காருக்கு 8.3. தம்பியின் பழைய காருக்கு 6.7, புதியதற்கு 4. எங்கே பள்ளம் ஆழமாக இருக்கிறது என்று இப்போது கண்ணுக்கே தெரிகிறது.

இந்த மயக்கம் உங்களுக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இருவர் 2008இல் இதை ஆராய்ந்து 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். படித்தவர்களும் மைலேஜ் எண்களைக் கழித்துப் பார்த்து, பெரிய வித்தியாசம்தான் பெரிய சேமிப்பு என்று முடிவு செய்துவிடுகிறார்கள் என்று காட்டினார்கள். அதற்குப் பிறகு, 2013ஆம் ஆண்டு மாடல்களிலிருந்து அங்கே புது வண்டிகளின் ஒட்டுச்சீட்டில் 100 மைலுக்கு எத்தனை கேலன் என்பதும் அச்சாகிறது. ஐரோப்பாவின் பல நாடுகளில் வெகுகாலமாகவே 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்றுதான் சொல்கிறார்கள்.

இன்னும் ஒரு படி போய்ப் பாருங்கள். நீங்கள் 12 கொடுக்கும் காரை விட்டு 20 கொடுக்கும் ஹைப்ரிட்டுக்கே தாவினால், அந்தக் கூடுதல் எட்டு கிலோமீட்டர் தருவது 667 லிட்டர். முதல் நான்கு தந்ததோ 833. மைலேஜ் எவ்வளவு மோசமாக இருக்கிறதோ, அங்கே ஒவ்வொரு கிலோமீட்டரும் அவ்வளவு எடை. ஏற்கெனவே சிக்கனமான கார் வைத்திருப்பவர் இன்னும் சிக்கனமானதைத் தேடி அலைவதைவிட, பிக்கப் வைத்திருப்பவர் ஒரு சாதாரணக் காருக்கு மாறுவதில் பயன் அதிகம். "நம்ம வண்டியில் இனிமேல் என்ன மிச்சம் பிடிப்பது" என்று பெரிய வண்டிக்காரர்களே கைவிட்டுவிடும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோகூட இருக்காது. எரியும்போது அதிலுள்ள ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்வதால், வெளியே போவது ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு. உங்கள் 833 லிட்டருக்கு, வருடத்துக்கு 1.9 டன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இந்த எண் உதவும். கார் செய்யும்போது பல டன் கரியமில வாயு வெளியாவது உண்மைதான், வண்டிக்கு வண்டி அது மாறும். 6 டன் என்று வைத்தால், வருடத்துக்கு 1.9 டன் வீதம் மூன்று வருடத்தை ஒட்டி அந்தக் கடன் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டரும் வரவு. நல்ல நிலையில் இருக்கும் பழைய கார் வாங்கினால் அந்தக் கடனும் பெரும்பாலும் இல்லை. ஆனால் நீங்கள் வருடத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓட்டுகிறவர் என்றால் மிச்சம் 125 லிட்டர். அப்போது உங்கள் வாதமே சரி, இருப்பதை ஓட்டித் தேயுங்கள் என்று நானும் சொல்வேன்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. நாம் விற்ற பிக்கப் மறைந்துபோவதில்லை, வேறு யாரோ ஓட்டுகிறார். அவரும் அதைத் தனியாளாக வேலைக்குப் போய்வர ஓட்டினால், பாரம் கை மாறியதே தவிர இறங்கவில்லை. நான் இதை யோசித்து, விற்பதற்கு நான்கு மாதம் காத்திருந்தேன். ஒரு தச்சர் வாங்கினார். அதுவரை பலகைகளைச் சின்ன வண்டியில் மூன்று நடையாக ஏற்றிக்கொண்டிருந்தவர். இப்போது ஒரே நடை. அந்த வண்டி செய்யப்பட்டதே அதற்குத்தான்.

ஃபோர்டு நிறுவனம் 1925இல் மாடல் டி காரின் பின்னால் சாமான் ஏற்றும் திறந்த தொட்டி ஒன்றைப் பொருத்தித் தொழிற்சாலையிலிருந்தே விற்கத் தொடங்கியபோது, அது வேலைக்காரர்களுக்கான வண்டி. 1973இல் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையின் அதிர்ச்சிக்குப் பிறகு 1975இல் அமெரிக்காவில் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தது. அதிலும் இலகுரக டிரக்குகளுக்குக் காரைவிடத் தளர்ந்த வரம்புதான் வைத்தார்கள். சுமை இழுக்கிற வண்டியிடம் காரின் சிக்கனத்தைக் கேட்கக் கூடாது என்ற நியாயத்தில் கொடுத்த சலுகை அது. தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு ஓட்டும்போது, நாம் செய்யாத வேலைக்கான சலுகையை நாம் அனுபவிக்கிறோம்.

நான் அனுபவித்தேன். விற்பதற்கு முன் மூன்று மாதம் டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு முறை வண்டி எடுக்கும்போதும் எங்கே, எத்தனை பேர், தொட்டியில் என்ன என்று மூன்றே சொல் எழுதுவேன். 94 பயணங்கள். தொட்டியில் ஏதாவது இருந்தது ஏழு முறை. அந்த ஏழில் நான்கு, பின் சீட்டை மடக்கினால் எந்தக் காரிலும் அடங்கிவிடும் சாமான். உண்மையிலேயே பிக்கப் தேவைப்பட்டது மூன்று முறை. வாரம் முழுக்கச் சுமை தூக்குவதாகவே நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

காலித் தொட்டி சும்மா வருவதில்லை. சுமையைத் தாங்கக் கட்டிய கனத்த சேஸிஸை ஒவ்வொரு சிக்னலிலும் நிறுத்தி மறுபடி உருட்ட வேண்டும். பிரேக் போட்டதும் அந்த வேகம் முழுவதும் சூடாகிப் போய்விடுகிறது. ஹைப்ரிட்டில் அதில் ஒரு பங்காவது பேட்டரிக்குத் திரும்பும். பின்னால் இருக்கும் அடுக்குப் பட்டை ஸ்பிரிங் சுமைக்காக இறுக்கி வைத்தது. காலியாக ஓட்டும்போது வண்டி ஏன் குதிக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் காற்று. உயர்ந்து அகன்ற முகப்பு காற்றை முட்டித் தள்ளுகிறது. வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அந்த எதிர்ப்பு கூடும். 90இல் போவதற்கும் 110இல் போவதற்கும் காற்றின் எதிர்ப்பில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு வித்தியாசம்.

பின்கதவைத் திறந்து தொங்கவிட்டால் காற்று சுலபமாக வெளியேறி மைலேஜ் கூடும் என்று பிக்கப்காரர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். நானும் சில மாதம் அப்படி ஓட்டினேன். காற்றுச் சுரங்கச் சோதனைகள் காட்டுவது நேர்மாறு. கதவு மூடியிருந்தால் தொட்டிக்குள் காற்று ஒரு சுழலாகத் தங்கிவிடுகிறது. மேலே வரும் காற்று அந்தச் சுழலின்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடுகிறது. விற்கும்வரை கதவை மூடியே ஓட்டுங்கள், 90ஐத் தாண்டாதீர்கள். புது வண்டி வாங்காமலேயே கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும்.

தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். சிக்கனமான வண்டி வந்ததும் "இதில் போனால் என்ன செலவாகிவிடும்" என்று ஓட்டம் கூடும். நீராவி எந்திரங்கள் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிச் செலவு கூடியதே தவிரக் குறையவில்லை என்று 1865லேயே ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் எழுதினார். எனக்கும் முதல் இரண்டு மாதம் ஓடோமீட்டர் வேகமாகத்தான் ஏறியது.

இனி வருத்தம். எனக்கு முதலில் விட்டுப்போனது உயரம். முன்னால் நிற்கும் எல்லா வண்டிகளுக்கும் மேலாகச் சாலை தெரியும் அந்த இருக்கை. காரில் உட்கார்ந்த முதல் வாரம் தரையில் உட்கார்ந்ததுபோலச் சிறுத்துப்போனேன். அந்த உயரத்தின் மறுபக்கத்தைப் பிறகு படித்தேன். அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் 2023இல் வெளியிட்ட ஆய்வு அது. பானெட்டின் முன்விளிம்பு ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால், முக்கால் மீட்டருக்குக் கீழே சரிந்த முகப்புள்ள வண்டி மோதுவதைவிட, பாதசாரி இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம். நான் பாதுகாப்பாக உணர்ந்த அதே உயரம், வண்டிக்கு முன்னால் ஒரு குழந்தை நின்றால் அதை என்னிடமிருந்து மறைத்துக்கொண்டும் இருந்தது. அதற்குப் பிறகு அந்த இருக்கைக்கு ஏங்கவில்லை.

உங்கள் போன் அழைப்பு விஷயம் வேறு. அதை நீங்கள் தயங்கிச் சொன்னதே என்னை இந்தப் பதிலை எழுத வைத்தது. எனக்கும் நின்றது. வண்டி போய் இரண்டு மாதம் ஒருவரும் கூப்பிடவில்லை. மாலையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பிறகு ஒரு நண்பர் வீடு மாறினார். வாடகைக்கு ஒரு பிக்கப் எடுத்துவிட்டு, பீரோவை எப்படிக் கட்டுவதென்று தெரியாமல் என்னைக் கூப்பிட்டார். போனேன். கனத்ததைக் கேபினை ஒட்டி முன்னால், பீரோவின் கதவு தொட்டிச் சுவரைப் பார்க்க, கயிறு குறுக்குமறுக்காக, கடைசியில் காற்று புகாமல் தார்ப்பாய். பத்து வருடத்தில் கை கற்றுக்கொண்டது. மதியம்வரை வியர்க்க வியர்க்க வேலை. அன்றைக்கு என்னோடு வந்தது என் காரின் பின்னால் கிடந்த கயிறும் தார்ப்பாயும்தான். இன்னும் அங்கேயே கிடக்கின்றன.

உங்களைக் கூப்பிடுகிறவர்களில் வண்டியை மட்டும் கூப்பிட்டவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்கள் நின்றுபோவார்கள், அது கொஞ்சம் வலிக்கும். எனக்கு வலித்தது.

இப்போதே விற்க வேண்டாம். நாளை டேங்கை நிரப்பி ஓடோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுமுறை அதே அளவுக்கு நிரப்பும்போது எத்தனை லிட்டர் பிடித்தது, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பாருங்கள். உங்கள் 8 உண்மையில் 7ஆகவும் இருக்கலாம். கூடவே அந்த நோட்டு, மூன்று மாதம். வாரத்தில் பாதி நாள் தொட்டி நிறைந்திருக்கிறது என்று வந்தால், அல்லது டிரெய்லர் இழுப்பது உங்கள் பிழைப்பு என்றால், பிக்கப்பை வைத்துக்கொள்ளுங்கள், மனைவியிடம் நோட்டைக் காட்டுங்கள். காலி, காலி என்று பக்கம் பக்கமாக வந்தாலும் அவரிடம் காட்டுங்கள். எப்படி வந்தாலும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்.