அடிபட்ட மூளை, ஆய்வக மேசை: கேள்வி பதில்

மூளைக் காயம் குறித்த ஆய்வகப் பணியில் இருந்தவன் என்ற முறையில், நம் கொங்குப் பகுதியிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

பல்லடம்: ஐயா, என் தம்பி பைக்கிலிருந்து விழுந்தான். ஸ்கேனில் கசிவு எதுவும் இல்லை என்றார்கள். மூன்று மாதமாகியும் தலைவலியும் மறதியும் தீரவில்லை. என்ன கெட்டிருக்கும்?

பதில்: தறி ஓடும் ஊரிலிருந்து கேட்கிறீர்கள், மெல்ல இழுத்தால் தாங்குகிற பாவு நூல், வெடுக்கென்று இழுத்தால் தாங்காது என்பதை அறிவீர்கள். மூளையணுக்களிலிருந்து நீளும் ஆக்சான் என்னும் இழைகளும் அப்படித்தான். ஆய்வகத்தில் இவற்றை ஒரு மீள்படலத்தின் மேல் வளர்த்து மெல்ல இழுத்தால், நீண்டு பழைய நிலைக்கே திரும்புகின்றன. நொடியின் சிறு பகுதிக்குள் இழுத்தாலோ, இழை உடனே அறாவிட்டாலும், அதனுள் தண்டவாளம்போல் இருக்கும் நுண்குழல்கள் முறிகின்றன. அவற்றின் வழியே சென்ற புரதங்கள் நடுவழியில் தேங்க, சில மணி நேரத்தில் இழை அங்கங்கே வீங்கி, பின்னரே துண்டாகிறது. சாதாரண சி.டி. ஸ்கேனில் இது பெரும்பாலும் தெரிவதில்லை. தலை எதிலும் மோதாமல் சட்டென்று சுழன்றாலே இக்காயம் உண்டாகும் என்பதை 1982இல் ஆய்வாளர் ஜெனரெல்லியின் குழுவினர் குரங்குகளில் காட்டினர். ஆகவே தம்பி சொல்வதை நம்புங்கள். நரம்பியல் மருத்துவரிடம் மறுபடியும் அழைத்துச் செல்லுங்கள்.

கோபிசெட்டிபாளையம், கல்லூரி மாணவி: எலிகளுக்கு ஒரே அளவான அடியை எப்படிக் கொடுக்கிறார்கள்? அது வதை ஆகாதா?

பதில்: மயக்க மருந்து கொடுத்த பிறகு, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, நீர் நிரம்பிய குழாயை அதனுடன் பொருத்துவோம். ஊசல் குண்டு குழாயின் மறுமுனையைத் தட்ட, அழுத்த அலை மூளையுறையைத் தாக்கும்; குண்டை விடும் உயரமே அடியின் அளவு. நெறிமுறைக் குழுவின் அனுமதியும், எத்தனை எலி தேவை என்ற கணக்கும் இல்லாமல் ஓர் எலியைக்கூடத் தொட முடியாது. உங்கள் கேள்வியின் வலி எனக்கும் உண்டு அம்மா. ஒழுங்காகத் திட்டமிடாத சோதனையே பெரிய வதை என்பது என் எண்ணம்.

தாராபுரம்: எலிக்குக் குணமாகிறது என்கிறார்கள். மனிதருக்கு மருந்து எங்கே?

பதில்: எங்களை மிகவும் வருத்திய கேள்வி இது. எலிகளில் நல்ல பலன் காட்டிய புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன், 2014இல் வெளியான இரு பெரிய மனித ஆய்வுகளிலும் பயன் தரவில்லை. எலி மூளை சுமார் 2 கிராம், மடிப்பற்றது. நம்முடையது சுமார் 1,400 கிராம், மடிப்பு மிகுந்தது. எலிக்கு அளந்த அடி, குறித்த நேரத்தில் மருந்து. விபத்தில் சிக்கியவர்களுக்கோ ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதக் காயம். வீக்கம் குறையும் என்று பல்லாண்டுகள் கொடுத்துவந்த ஸ்டீராய்டையும் 10,008 பேரிடம் சோதித்தார்கள். 2004இல் வெளியான அந்த முடிவின்படி, இரண்டு வாரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 21.1 சதவீதம் பேரும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத போலி மருந்து பெற்றவர்களில் 17.9 சதவீதம் பேரும் இறந்தனர்.

பவானி: இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: ஓரளவு முடியும். காயமுற்ற மூளையணுக்களிலிருந்து இரத்தத்தில் கசியும் இரு புரதங்களை அளக்கும் பரிசோதனைக்கு 2018இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. இலேசான காயமுற்றவருக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்று முடிவெடுக்க அது உதவும். மறதி எப்போது தீரும் என்பதை அது சொல்லாது.