இங்கே தென்றல்தான் வாடை

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 46. சொந்த ஊர் நாகப்பட்டினம். 2011இல் ஜோகன்னஸ்பர்க் வந்தோம். இப்போது அதன் வடக்குப் பகுதியான மிட்ராண்டில் ஒரு காம்ப்ளக்ஸில் குடியிருக்கிறோம். நான் ஒரு வங்கிக்கு சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறேன். மனைவி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஒரே மகள், கிரேடு 8 படிக்கிறாள். நிரந்தரமாகத் தங்கும் அனுமதி (பி.ஆர்.) கிடைத்துவிட்டது. பெரிய கடன் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் குறை சொல்ல எதுவும் இல்லை.

என் பிரச்சினை குளிர். சிரிக்காதீர்கள். கனடாவில் இருக்கும் மைத்துனர் சிரிக்கத்தான் செய்கிறார், "நாலு டிகிரி எல்லாம் ஒரு குளிரா மாப்ளே" என்று. அவர் வீட்டில் சுவருக்குள்ளேயே ஹீட்டர் ஓடுகிறது. எங்கள் வீட்டில் தரை முழுக்க டைல்ஸ். காலை ஐந்தரைக்குக் கட்டிலை விட்டுக் காலைக் கீழே வைத்தால் முழங்கால் வரை விறைத்துப்போகும். தேங்காய் எண்ணெய் கல்லாக உறைந்திருக்கும். தோசை மாவு இரண்டு நாள் ஆனாலும் பொங்காது. ஓவனுக்குள் விளக்கைப் போட்டு, மாவுப் பாத்திரத்துக்குக் கம்பளி சுற்றி வைக்கிறாள் மனைவி. மாவுக்குக் கிடைக்கும் கவனிப்பு எனக்குக் கிடைக்கவில்லை என்று ஒருநாள் வேடிக்கையாகச் சொல்லப்போய் அது சண்டையில் முடிந்தது.

முதல் பத்து வருடம் இப்படி இல்லை. குளிர் இருந்தது, சமாளித்தேன். இந்த நான்கைந்து வருடமாகத்தான் இங்கே குளிர் தொடங்கும் மே மாதம் பிறந்தாலே மனம் சுருங்கிவிடுகிறது. 2023 ஜூலை 10 அன்று பதினோரு வருடம் கழித்து ஜோகன்னஸ்பர்க்கில் பனி பெய்தது. காம்ப்ளக்ஸே வெளியில் நின்று போட்டோ எடுத்தது. மகளும் மனைவியும் பனியை உருட்டி விளையாடினார்கள். நான் உள்ளே போய்ப் போர்வைக்குள் படுத்துக்கொண்டேன். அவர்கள் கூப்பிட்டது காதில் விழுந்தது. விழாதது மாதிரி இருந்துவிட்டேன்.

2020க்குப் பிறகு வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்துதான் வேலை. பின்பக்க அறையை ஆபீஸ் ஆக்கிக்கொண்டேன். என்னைப் பெற்ற அம்மா போனில் சொன்னபடி தென்மேற்கு மூலை, ஜன்னல் தெற்கே. மதியம் சாப்பிட்டதும் வாசலில் நிற்கும் காரில் போய் உட்காருவேன். கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு அரை மணி நேரம். சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வரும். இது யாருக்கும் தெரியாது.

இந்த ஜூலை லீவுக்கு மூன்றாவது முறையாக டர்பன் போனோம். அங்கே 23 டிகிரி, இளம் வெயில், கடல். செருப்பில்லாமல் நடந்தேன். அம்பிலோ கோயிலில் ஒரு பெரியவர் "வணக்கம்" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அந்த ஒரு சொல்தான் என்று பிறகு தெரிந்தது, ஆனாலும் கண் கலங்கிவிட்டது. ஒரு வீட்டு வாசலில் கறிவேப்பிலை ஆள் உயரத்துக்கு நின்றது. நான் இங்கே வைத்த மூன்று கன்றும் உறைபனியில் கருகிப்போயின.

திரும்பி வந்ததும், டர்பனுக்கே குடிபோய்விட்டால் என்ன என்று எக்செல்லில் ஒரு கணக்குப் போட்டேன். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், மின்சாரம், என் முழங்கால் வலி, மகளுக்கு நீச்சல் என்று 23 வரி. மனைவியிடம் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் பதில் வைத்திருந்தாள். அவள் வேலை என்ன ஆவது? அங்கே நடந்த 2021 ஜூலை கலவரத்தையும் 2022 ஏப்ரல் வெள்ளத்தையும் டிவியில் பார்த்தது மறந்துவிட்டதா? மகளின் சிநேகிதிகள்? கடைசியில் சொன்னாள்: "குளிர் அடித்தால் போர்வை வாங்குவார்கள், ஊரையா மாற்றுவார்கள்?"

அவள் சொல்வதும் சரிதானே என்று தோன்றுகிறது. ஆனால் இன்னொரு ஜூன் மாதத்தை நினைத்தாலே பயமாக இருக்கிறது. போகலாமா, வேண்டாமா?

– மிட்ராண்ட் வாசகர்

*

அன்புள்ள சகோதரருக்கு,

சிரிக்கவில்லை. ஹைவெல்டு என்கிற இந்த மேட்டுநிலத்தின் குளிரை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேல் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. ஜூலையில் பகல் 17 டிகிரி வரை போகும், இரவு 4க்கு இறங்கும், சில நாள் அதற்கும் கீழே. வீடுகளைக் கட்டியவர்கள் குளிர்காலம் என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டுக் கட்டியிருக்கிறார்கள். உங்கள் மைத்துனர் குளிரை வெளியே விட்டுவிட்டு வீட்டுக்குள் வருகிறார். உங்களுக்கு அது வீட்டுக்குள்தான் இருக்கிறது.

போகலாமா என்பதற்கு முன்னால், டாக்டரைப் பாருங்கள். குளிர் தாங்காமை, சோர்வு, காரணமில்லாத அழுகை மூன்றும் சேர்ந்து வந்தால் தைராய்டைப் பார்க்காமல் மனதைப் பற்றிப் பேசக் கூடாது. கூடவே ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி. நீங்கள் சைவமா என்று எழுதவில்லை. சைவம் என்றால் பி12 கட்டாயம். தூக்கம், பசி எப்படி என்றும் எழுதவில்லை. வாழ்ந்து என்ன பயன் என்ற நினைப்பு ஒரு தடவையாவது வந்திருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். மனநல உதவி தரும் சாடாக் அமைப்பின் இலவச உதவி எண்ணுக்கு இரவிலும் பேசலாம்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். முதல் பத்து வருடம் சமாளித்தேன் என்கிறீர்கள். அப்போதும் இதே ஜோகன்னஸ்பர்க், இதே ஜூலை. மாறியது என்ன? அதற்கும் நீங்களே பதில் எழுதியிருக்கிறீர்கள்: 2020க்குப் பிறகு தெற்கு ஜன்னல் அறை.

நம் ஊரில் தெற்கு ஜன்னல் என்றால் தென்றல். வடக்கிலிருந்து வருவதுதான் வாடை. இங்கே எல்லாம் தலைகீழ். பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் குளிர்காலச் சூரியன் வானத்தின் வடக்குப் பக்கமாகவே போகிறது. தெற்கு ஜன்னலுக்கு மே முதல் ஆகஸ்ட் வரை ஒரு துளி வெயில் கிடையாது. குளிர் அலை நாட்டின் தென்கோடியான கேப் பக்கமிருந்து ஏறி வருகிறது. இங்கே தென்றல்தான் வாடை. உங்கள் அம்மா நல்ல மனதோடுதான் மூலை சொன்னார். நாகப்பட்டினத்துக்கு அது சரி. நீங்கள் நான்கைந்து குளிர்காலமாக, வாரத்துக்கு நான்கு நாள், தனியாக, வீட்டிலேயே வெயில் படாத அறையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு முன் ஆபீஸில் ஹீட்டர் இருந்திருக்கும், காபி மெஷின் பக்கத்தில் நாலு பேர் இருந்திருப்பார்கள்.

அந்தக் கார் விஷயம். அதை ஏதோ குற்றம்போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. மதிய வெயிலில் கண்ணாடி ஏற்றிய கார்தான் உங்கள் வீட்டிலேயே கதகதப்பான, வெளிச்சமான அறை. உடம்பு தனக்கு வேண்டியதைத் தேடிப் போயிருக்கிறது.

குளிர்காலச் சோர்வு என்று ஒன்று உண்டு. 1984இல் நார்மன் ரோசன்தாலும் அவருடைய குழுவினரும் அதற்குப் பெயர் வைத்து விவரித்தார்கள். அது குளிரைவிட வெளிச்சத்தோடு சம்பந்தப்பட்டது. லண்டனில் டிசம்பரில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. ஜோகன்னஸ்பர்க்கில் ஜூனிலும் பத்தரை மணி நேரம் இருக்கிறது, மேகமும் அபூர்வம். இந்த ஊரில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, உங்கள் மேசைக்குத்தான் பஞ்சம். இந்த வாரமே மேசையை வடக்கு ஜன்னலுக்கு நகர்த்துங்கள். ஹாலாக இருந்தாலும் சரி, மகள் முணுமுணுத்தாலும் சரி. காலுக்குக் கீழே தடிமனாக ஒரு கார்பெட். காலை ஒன்பது மணி வெயிலில் இருபது நிமிட நடை. கேஸ் ஹீட்டர் வைத்தால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள், தூங்கும்போது அணைத்துவிடுங்கள். மூடிய அறையில் கார்பன் மோனாக்சைடு சேர்வது ஆபத்து.

இதெல்லாம் டர்பனை மறக்கடிக்கச் சொல்கிற தந்திரம் என்று நினைக்க வேண்டாம். மேசையை நகர்த்திய பிறகும் டர்பன் வேண்டும் என்று தோன்றினால், அந்த ஆசைக்குக் கொஞ்சம் கூடுதல் எடை கொடுக்கலாம்.

ஆனால் நீங்கள் பார்த்தது ஜூலை டர்பன். மூன்று முறையும் ஜூலை, மூன்று முறையும் லீவு. நான் அங்கே ஏழு வருடம் இருந்தவள். பிப்ரவரியில் 28 டிகிரிதான் இருக்கும், ஆனால் குளித்துவிட்டுத் துடைப்பதற்குள் மறுபடி வியர்க்கும். அப்பளம் டப்பாவுக்குள்ளேயே நமுத்துப்போகும். பீரோவில் தொங்கிய தோல் பெல்ட்டில் பச்சையாகப் பூஞ்சணம் பூத்திருந்ததை முதலில் பார்த்தபோது யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன். 2022 வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கழிவுநீர் நிலையங்கள் உடைந்து பல மாதம் கடற்கரைகள் மூடிக் கிடந்தன. தண்ணீர் நின்றுபோவது பல பகுதிகளில் இன்னும் வாடிக்கை. உங்கள் மனைவி பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. நாகப்பட்டினத்துக்காரருக்குப் புழுக்கம் ஒரு விஷயமில்லை என்பீர்கள். இருக்கலாம். 2011இலிருந்து உங்கள் உடம்பு அதைப் பார்க்கவில்லை.

கானெமன், ஷ்கேட் என்ற இரண்டு பேர் 1998இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெயில் கொழிக்கும் கலிஃபோர்னியா மாணவர்களையும் அமெரிக்காவின் குளிரான நடுமேற்கு மாணவர்களையும் கேட்டார்கள். கலிஃபோர்னியாக்காரர்கள்தான் சந்தோஷமாக இருப்பார்கள் என்று இரு தரப்பும் சொன்னது. ஆனால் தங்கள் வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று கேட்டால் இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு. ஊரை மாற்ற நினைக்கும்போது வெயில் மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது, திங்கட்கிழமை காலை தெரிவதில்லை. சராசரிக் கணக்கு உங்கள் ஒருவருக்குப் பொருந்த வேண்டும் என்றில்லை. இதை உங்கள் மனைவியிடம் கொடுத்து அவர் கையில் இன்னொரு ஆயுதம் ஆக்கிவிடாதீர்கள்.

அதனால் வருகிற பிப்ரவரியில் மூன்று வாரம் தனியாகப் போய் இருங்கள். கடற்கரை ஹோட்டல் வேண்டாம். குடிபோக நினைக்கிற பகுதியில் ஒரு சின்ன வீடு. அங்கிருந்தே வேலை பாருங்கள், சாயங்கால டிராஃபிக்கில் மளிகை வாங்குங்கள். தினமும் ராத்திரி இரண்டு வரி எழுதுங்கள். மகள் அப்போது கிரேடு 9இல் இருப்பாள். கிரேடு 10இல் எடுக்கிற பாடங்களோடுதான் பொதுவாக மெட்ரிக் (இங்கே கிரேடு 12) வரை போவார்கள் என்பதால், மாறுவதானால் அதற்கு அடுத்த ஜனவரி நல்ல நேரம். யோசிக்க அவகாசம் இருக்கிறது. மனைவியின் ஆசிரியர் பதிவு நாடு முழுக்கச் செல்லும். ஆனால் பதிவு வேறு, வேலை வேறு. அங்கே பள்ளிகளில் அவரே விசாரிக்கட்டும், நீங்கள் விசாரித்துச் சொல்ல வேண்டாம்.

தமிழ்ச் சூழலுக்காகவும் போக நினைக்கிறீர்களோ என்று தோன்றியது. 1860இல் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்தவர்களின் வழிவந்தவர்கள் அங்கே காவடி எடுக்கிறார்கள், புரட்டாசி விரதம் பிடிக்கிறார்கள், தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துப் பாடுகிறார்கள். உங்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சாப்பாடு போடுவார்கள். பேச்சு மட்டும் இங்கிலீஷில்தான் இருக்கும்.

கடைசியாக அந்த எக்செல். 23 வரி இருக்கிறது. மதியம் காரில் உட்கார்ந்து அழுகிறேன் என்ற வரி அதில் இல்லை. அதனால்தான் உங்கள் மனைவி ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லிக்கொண்டே போக முடிந்தது. வாடகைக் கணக்கோடு வந்தவரிடம் அவரும் கணக்கு பேசினார். அவர் கணக்கு டீச்சர் வேறு. முழங்கால் வலிக்குப் போர்வை வாங்கு என்று சொல்லலாம். அழுகிற மனிதரிடம் அப்படிச் சொல்வாரா? எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் அவரிடம் நீங்கள் அதைச் சொல்லிப் பார்க்கவே இல்லை. பனி பெய்த அன்றைக்கு அவர்கள் கூப்பிட்டது காதில் விழுந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

டர்பன் என்ற சொல்லை அந்தப் பேச்சில் எடுக்காதீர்கள். எடுத்தால் அதற்கான பீடிகை என்று நினைத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வடக்கு ஜன்னல் பக்கம், இரண்டு நாற்காலி போடுங்கள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் எனக்கு எழுதுங்கள். அவரையும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். எக்செல்லில் வேண்டாம்.