பதினோரு பேரும் முந்நூறு நாற்காலியும்

அன்புள்ள சார்,

நான் முதுகலை இறுதியாண்டு மாணவி. எங்கள் பல்கலைக்கழகத்தில் ஆண்டுக்கு ஒருநாள் வகுப்புகளை நிறுத்திவிட்டு வளாகம் முழுக்க நிகழ்ச்சிகள் நடத்துவார்கள். இந்த ஆண்டு அமைப்புக் குழுவில் நானும் இருந்தேன். காலை 9 மணியிலிருந்து மாலை 6 மணிவரை கண்காட்சி, ஆய்வகங்களைச் சுற்றிக்காட்டுவது, விநாடி வினா, நாடகம், நடனம், பட்டறைகள், பேச்சுகள் என்று மொத்தம் 42 நிகழ்ச்சிகள்.

பறவைகளின் குரலை ஆராயும் ஒருவரை மூன்று மாதம் விடாமல் மின்னஞ்சல் எழுதி அழைத்து வந்தேன். 300 பேர் உட்காரும் அரங்கில் 11 பேர்தான் இருந்தார்கள். வெளியே மைதானத்தில் நடனப் போட்டி. அவர் ஒலிப்பதிவுகளைப் போட்டுக்காட்டியபோது ஒலிபெருக்கிச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் கோபப்படவில்லை. பேச்சு முடிந்ததும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு நூலகத்துக்குப் பின்னால் மரங்களுக்கு அடியில் ரொம்ப நேரம் நின்றிருந்தாராம், யாரோ சொன்னார்கள்.

பிறகு நடந்த கூட்டத்தில் ஒரு பேராசிரியர், “அடுத்த ஆண்டு பேச்சுகளுக்கு வருகைப்பதிவைக் கட்டாயமாக்குங்கள்” என்றார். நண்பர்களோ, “பேச்சையே எடுத்துவிடு, யாருக்கு வேண்டும்?” என்கிறார்கள். எது சரி? இன்றைய மாணவர்களுக்கு ஆர்வமே இல்லையா? நிகழ்ச்சி நிரலை இணைத்திருக்கிறேன்.

க.

*

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தில் முக்கியமான செய்தியை “யாரோ சொன்னார்கள்” என்று போகிறபோக்கில் எழுதிவிட்டு, காலி நாற்காலிகளுக்கு ஒரு பத்தியைக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு ஆய்வாளர், தன் பேச்சு பாதி கெட்டுப்போன பிறகும் கிளம்பிப் போகாமல், நான்கு மாணவர்களோடு மரத்தடியில் நின்று பறவைக் குரலைக் கேட்டிருக்கிறார். அந்த நாலு பேரும் அதே நேரத்தில் நடந்துகொண்டிருந்த மற்ற நிகழ்ச்சிகளை விட்டுவிட்டு அங்கே நின்றிருக்கிறார்கள். அதைப் பார்க்க நீங்கள் அங்கே இல்லை. ஏன் இல்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் நிகழ்ச்சி நிரல். மூன்று முறை படித்தேன். ஒன்பது மணிநேரத்தில் எங்குமே இடைவெளி இல்லை. சாப்பாட்டு நேரத்தில்கூட விநாடி வினாவின் அரையிறுதி. 10 முதல் 11 வரை ஒன்று, 11 முதல் 12 வரை இன்னொன்று என்று கட்டம் கட்டி நிரப்பியிருக்கிறீர்கள். 11 மணிக்கு முடியும் இயற்பியல் ஆய்வகத்திலிருந்து 11 மணிக்குத் தொடங்கும் அரங்குக்கு ஒரு மாணவர் எப்படி வருவார்? பறந்துதான் வரவேண்டும். பறவைப் பேச்சு என்பதால் பொருத்தம்தான், ஆனாலும்.

ஜெர்மனியிலும் ஸ்காண்டிநேவிய நாடுகளிலும் பல்கலைக்கழகங்களில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. 10 மணி வகுப்பு என்றால் 10:15க்குத்தான் தொடங்கும். ‘கல்விக் கால்மணி’ என்று பெயர். நேரத்துக்குப் பக்கத்தில் ‘கும் டெம்போரே’ என்ற லத்தீன் சொற்களின் சுருக்கத்தைப் போடுவார்கள். ‘நேரத்தோடு’ என்று அர்த்தம். சரியாக மணியடித்ததும் தொடங்கும் என்றால் ‘சினே டெம்போரே’, நேரமில்லாமல். உங்கள் நிரல் முழுக்கவே சினே டெம்போரே. அந்தக் கால்மணியைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு நடந்து வரவும், வழியில் யாரையாவது பார்த்து “அங்கே என்ன நடக்குது?” என்று கேட்கவும் ஆகும் நேரம் அது. இப்படியொரு நாளில், போக நினைக்காத இடத்துக்கு ஒருவர் போய்ச் சேருவது அந்த நடையில்தான். நீங்கள் நடையை எடுத்துவிட்டீர்கள். அப்படியானால் ஏற்கெனவே யாருக்கு எது பிடிக்குமோ அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். நடனம் பிடித்தவர் மைதானத்தில், ரோபோ பிடித்தவர் ஆய்வகத்தில். இதற்கு ஆர்வமின்மை என்று பெயர் வைப்பது அநியாயம்.

42ஐ 20ஆகக் குறையுங்கள். எண்ணிக்கை துண்டறிக்கையில்தான் அழகாக இருக்கும்.

வருகைப்பதிவு யோசனையைச் சொன்ன பேராசிரியர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். நான் அப்படி ஒரு கூட்டத்தில் பேசியிருக்கிறேன். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பதெல்லாம் வேண்டாம். 400 பேரோடு அரங்கு நிறைந்திருந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேச ஆரம்பித்துப் பத்து நிமிடத்தில் முதல் வரிசையிலிருந்து ஒரு தாள் கிளம்பியது. அது நகர நகர, தலைகள் குனிந்து நிமிர்ந்தன. கடைசி வரிசைக்குப் போனதும் பின்கதவு திறந்தது. நான் பேசிக்கொண்டிருக்கும்போதே வரிசை வரிசையாக வெளியேறினார்கள், ஒருவர் என்னைப் பார்த்துக் கையசைத்துவிட்டு வேறு போனார். கதவருகே ஒரு ஆசிரியரை நிறுத்தி மறித்தார்கள். அதற்கப்புறம் உள்ளே இருந்தவர்கள் என்னைப் பார்த்த பார்வையை எழுத மனமில்லை. உங்களுக்கு வந்த 11 பேரை அந்த 400 பேருக்கு ஈடாக அன்றே வாங்கிக்கொண்டிருப்பேன்.

லண்டனில் ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தின் வெள்ளி மாலைப் பேச்சுகளில் இதற்கு நேர் எதிரான மரபு உண்டு. அங்கே பூட்டி வைப்பது பேச்சாளரை! 1846இல் வீட்ஸ்டன் என்ற விஞ்ஞானி மேடைக்குப் பயந்து கடைசி நேரத்தில் ஓடிவிட்டார், ஃபாரடேதான் அவருக்குப் பதிலாகப் பேசிச் சமாளித்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அதிலிருந்து பேச்சுக்குச் சற்று முன்பு பேச்சாளரை ஓர் அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடும் வழக்கம் வந்ததாம். யாரையாவது பூட்டித்தான் ஆகவேண்டும் என்று உங்கள் பேராசிரியர் பிடிவாதம் பிடித்தால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

காலி அரங்கு உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. கேம்பிரிட்ஜில் நியூட்டன் பேராசிரியராக இருந்தபோது அவர் வகுப்புக்குப் போனவர்களே குறைவு, புரிந்துகொண்டவர்கள் அதைவிடக் குறைவு, கேட்க ஆளில்லாமல் பலமுறை சுவர்களுக்கே படித்துவிட்டு வந்தார் என்று அவரது உதவியாளர் எழுதியிருக்கிறார். அந்த உதவியாளர் கூடவே இருந்த ஆண்டுகளில்தான் நியூட்டன் தன் புகழ்பெற்ற ‘பிரின்சிபியா’ நூலை எழுதிக்கொண்டிருந்தார். அப்புறம் இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங். 2009 ஜூன் 28 அன்று அதே கேம்பிரிட்ஜில் காலப்பயணிகளுக்கு விருந்து வைத்தார். அழைப்பிதழை விருந்து முடிந்த பிறகுதான் வெளியிட்டார். எதிர்காலத்திலிருந்து வரக்கூடியவர்களுக்கு மட்டும்தானே தெரியவேண்டும்! ஒருவர்கூட வரவில்லை. வரமாட்டார்கள் என்பதே சோதனையின் முடிவு, அவருக்கு வசதி. நமக்கு அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆட்கள் இருந்தும் ஒன்றும் நிகழாததுபோலத் தோன்றிய பேச்சு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. 1820இல் கோபன்ஹேகனில் பேராசிரியர் ஓர்ஸ்டெட், மின்சாரம் ஓடும் கம்பிக்கு அருகே காந்த ஊசி அசைவதை மாணவர்கள் முன்னாலேயே செய்துபார்த்தார். மின்சாரமும் காந்தமும் உறவுக்காரர்கள் என்பது தெரியவந்த பேச்சு அது. அசைவு மிகச் சிறியதாக இருந்ததால் கேட்டவர்களிடம் அது பெரிதாக எதையும் ஏற்படுத்தவில்லை என்று அவரே பின்னால் எழுதினார். அன்று மாலை கருத்துப் படிவம் கொடுத்திருந்தால் ‘சுமார்’ என்று நிரப்பியிருப்பார்கள்.

நியூட்டனைச் சொல்லி உங்களைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போக நான் தயாரில்லை. இதில் உங்கள் குழுவின் தவறும் இருக்கிறது. பறவைக் குரல் பற்றிய பேச்சை நடன மேடைக்குப் பக்கத்தில் வைத்தது யார்? இரண்டு நிகழ்ச்சிக்கும் தனித்தனிப் பொறுப்பாளர்கள் இருந்திருப்பார்கள், இருவரும் அவரவர் கட்டத்தை மட்டும் பார்த்திருப்பார்கள். நிரலைத் தாளில் எழுதுவதற்கு முன்னால் வளாக வரைபடத்தில் எழுதுங்கள். எந்த இடத்தில் எந்த நேரத்தில் சத்தம் வரும், எங்கிருந்து எங்கே நடக்க எவ்வளவு நேரம் என்று அதில்தான் தெரியும். அடுத்தது அறை. 300 இருக்கையில் 11 பேர் என்றால் துக்க வீடு. 20 பேர் உட்காரும் அறையில் அதே 11 பேர் என்றால் நல்ல கூட்டம், மைக் கூட வேண்டாம். சிறப்பு விருந்தினர் என்றால் பெரிய அரங்கு தருவதுதான் மரியாதை என்று நினைத்திருப்பீர்கள். பேசுகிறவருக்கு மரியாதை என்பது கடைசி வரிசையில் இருப்பவரின் முகம் தெரிவது.

இப்போது பாக்கி வைத்த கேள்வி. 42இல் நீங்கள் முழுதாக உட்கார்ந்து பார்த்தது எத்தனை? ஒன்றுகூட இருக்காது என்று நினைக்கிறேன். கழுத்தில் அட்டை, கையில் போன், ஒரு அரங்கில் புரொஜெக்டர் வேலை செய்யவில்லை, இன்னொன்றில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் காணோம், நடுவரைக் கூட்டிவரப் போனவர் போனை எடுக்கவில்லை. நீங்கள் மூன்று மாதம் துரத்திப்பிடித்த மனிதரின் பேச்சையே கதவருகில் நின்றபடி துண்டு துண்டாகத்தான் கேட்டிருப்பீர்கள். அதனால்தான் மரத்தடிக் கதை உங்களுக்கு “யாரோ” சொல்லித் தெரிகிறது. அடுத்த குழுவில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மணிநேரம் கட்டாய ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள். அட்டையைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு எங்காவது போய்ப் பார்வையாளராக உட்காரவேண்டும். கட்டாயம் என்ற சொல்லை இந்த ஓர் இடத்தில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

பேச்சை எடுத்துவிடலாம் என்ற நண்பர்களுக்கு மாற்றாக ஒன்று சொல்கிறேன். 13ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தில் ‘குவோட்லிபெட்’ என்று ஒரு சபை நடத்தினார்கள். ஆண்டில் இரண்டு பருவங்களில் அது நடக்கும். ஆசிரியர் முன்னால் உட்காருவார். யார் வேண்டுமானாலும் எதைப் பற்றி வேண்டுமானாலும் கேட்கலாம், கேள்விகள் அவருக்கு முன்கூட்டித் தெரியாது. பிறகு இன்னொரு நாளில் எல்லாக் கேள்விகளையும் ஒழுங்குபடுத்தி அவர் தீர்ப்புச் சொல்வார். இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் நடத்திய சபைகளின் பதிவுகள் இன்றும் இருக்கின்றன. கடவுளில் தொடங்கி அன்றாட ஒழுக்கம்வரை எல்லாக் கேள்வியும் அதில் வரும். உங்கள் பேராசிரியர்களில் துணிச்சலான மூன்று பேரை இப்படி உட்காரவையுங்கள். வருகைப்பதிவு கேட்டவரையே முதலில் அழையுங்கள். கூட்டம் வருகிறதா இல்லையா என்று பாருங்கள்.

நீங்கள் இந்த ஆண்டோடு படிப்பை முடித்துப் போகிறீர்கள். குழுவுக்குப் புது ஆட்கள் வேண்டும். அந்த மரத்தடி நாலு பேர் எந்த ஆண்டு, எந்தத் துறை என்று விசாரித்தீர்களா?