121 தோல்விகளுக்குப் பிறகு ஓர் அணியை எப்படிக் கட்டுவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில், அமெரிக்க பேஸ்பால் அணிகளுள் சிகாகோ வொயிட் சாக்ஸின் ரசிகன் நான் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு எல்லையோர ஊர்களிலிருந்து எழுதியவர்களில் பெரும்பாலோர், தோற்றுக்கொண்டேயிருக்கும் அந்த அணியை எப்படித் தூக்கி நிறுத்துவது என்றுதான் கேட்டிருக்கிறார்கள். எனவே இந்த முறை பகுதி முழுவதையும் அந்த ஒரே விஷயத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, 2024-இல் 162 ஆட்டங்களில் 121-இல் தோற்ற அணி அது. 2016-லேயே பழைய அணியைக் கலைத்துவிட்டுப் புதிதாகக் கட்டத் தொடங்கினார்கள் என்று படித்தேன். அப்படியிருந்தும் ஏன் இந்த நிலை?
*— வாசகர், கொழிஞ்சாம்பாறை*

பதில்: 1962-இல் நியூயார்க் மெட்ஸ் கண்ட 120 தோல்விகளே நவீன பேஸ்பாலில் ஒரு பருவத்துக்கான உச்சமாக இருந்தது, அதையும் எங்கள் அணி தாண்டிவிட்டது. ஜூலை 10 தொடங்கி ஆகஸ்ட் 5 வரை தொடர்ச்சியாக 21 தோல்விகள். சிகாகோவில் மாலை 6.40-க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு மறுநாள் விடியற்காலை 5.10. பால் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிறவர்கள் திரும்பி வருவதற்குள் ஒன்பது இன்னிங்ஸில் நாலாவது ஆகியிருக்கும், பெரும்பாலும் அதற்குள்ளாகவே ஆட்டமும் கையைவிட்டுப் போயிருக்கும்.

ஆனால் 2016-இல் தொடங்கிய அந்த முதல் முயற்சி தொடக்கத்திலேயே தவறு என்று சொல்ல நான் தயாராக இல்லை. 2016 டிசம்பரில் அணியின் தலைசிறந்த பிட்சர் (பந்து வீசுபவர்) கிறிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து யோவான் மோன்காடா, மைக்கேல் கோபெக் முதலிய இளைஞர்களைப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு ஹோஸே கின்டானாவைக் கொடுத்து எலாய் ஹிமெனெஸையும் டிலன் சீஸையும் பெற்றார்கள். அதன் பலனாக 2020-இல் பிளேஆஃப், 2021-இல் 93 வெற்றிகளுடன் தங்கள் பிரிவில் முதலிடம். அதற்குப் பிறகு நடந்ததுதான் கேடு. அணியின் வலிமை முழுவதும் ஏழெட்டுப் பெயர்களில் தங்கியிருந்தது. ஹிமெனெஸ், லூயிஸ் ராபர்ட், மோன்காடா ஆகியோர் மாறிமாறிக் காயப்பட்டபோது, அந்த இடத்தில் இறங்கி ஆடத் தகுந்தவர்களை, இளைஞர்களை வளர்க்கும் கிளை அணிகளான மைனர் லீக் அணிகள் உருவாக்கி வைத்திருக்கவில்லை. போதாததற்கு அவசரம் வேறு. 2021 ஜூலையில், இரண்டாம் பேஸ் என்ற தடுப்பிடத்தில் ஆடிவந்த நிக் மேட்ரிகலைக் கொடுத்து, கடைசி ஓர் இன்னிங்ஸ் மட்டும் வீசும் கிரெய்க் கிம்ப்ரெலை வாங்கினார்கள். அவரால் பெரிய பயன் விளையவில்லை. இரண்டாம் பேஸோ நிரந்தர ஆள் இல்லாமல் கிடந்தது.

இந்த அவசரம் அவர்களுக்குப் புதிதல்ல. 2016 ஜூனில் 34 வயது ஜேம்ஸ் ஷீல்ட்ஸைப் பெறுவதற்காக, தொழில்முறை ஆட்டம் ஒன்றில்கூட அதுவரை இறங்கியிராத 17 வயதுப் பையன் ஒருவனை சான் டியாகோவுக்குக் கொடுத்தார்கள். அந்தப் பையன்தான் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கேள்வி: 2025 ஐபிஎல்லில் கடைசி இடத்துக்குப் போன சென்னை அணி, அடுத்த பருவத்துக்குள் ஆட்களை மாற்றிப் புது அணியாகிவிட்டது. நம் சஞ்சு சாம்சன்கூட அங்கே போய்விட்டார். பேஸ்பாலில் மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறீர்கள்?
*— கல்லூரி மாணவி, குப்பம்*

பதில்: தங்கையே, பேஸ்பாலில் ஏலம் கிடையாது என்பதுதான் அடிப்படை வேறுபாடு. டிராஃப்ட் (அணிகள் முறைவைத்துப் புது இளைஞர்களை எடுக்கும் தேர்வு) மூலம் ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுக்கும் அணி, மைனர் லீக்கின் படிகளில் அவனை ஒவ்வொன்றாக ஏற்றி முதல் அணிக்குக் கொண்டுவருகிறது. அங்கே வந்த பிறகும் ஆறு ஆண்டுப் பணி முடியும்வரை அவன் அந்த அணியின் கட்டுப்பாட்டிலேயே இருக்கிறான். அதில் முதல் மூன்றாண்டுகள் பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியே கிடைக்கும்; 2025-இல் அது 7,60,000 டாலர். ஆகவே நல்ல இளைஞர்களை வைத்திருக்கும் அணி அவர்களை விற்க மாட்டாது. வெளிச்சந்தைக்கு வருகிறவர்களோ பெரும்பாலும் முப்பதை நெருங்கியவர்கள், விலையும் அதிகம். சாம்சனுக்காக ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்தது பேஸ்பால் பரிமாற்றத்தைப் போன்றதுதான். ஆனால் அங்கே இரண்டு தரப்பும் உடனே ஆடக்கூடியவர்களைப் பெற்றன. பேஸ்பாலில் நொடித்த அணி இன்றைய ஆட்டக்காரனைக் கொடுத்து, மூன்றாண்டு கழித்து ஆடப்போகிறவனைப் பெறுகிறது. அந்த மூன்றாண்டில் அவன் தேறாமலும் போகலாம்.

கடைசியாக வந்தால் டிராஃப்டில் முதல் வாய்ப்பு கிடைக்குமே என்று பலரும் நினைக்கிறார்கள். 2023 டிராஃப்டிலிருந்து முதல் ஆறு இடங்கள் குலுக்கலில் முடிவாகின்றன. அணிகளுக்கிடையிலான வருமானப் பகிர்வில் பணம் பெறாத பெருநகர அணிகள் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அந்தக் குலுக்கல் இடங்களைப் பெறக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. எனவே 121 ஆட்டங்களில் தோற்ற எங்கள் அணிக்கு 2025 டிராஃப்டில் கிடைத்தது பத்தாவது இடம்.

கேள்வி: பிட்சர் காரெட் குரோஷேயை பாஸ்டனுக்குக் கொடுத்தது சரியா? அங்கே போய் அவர் எவ்வளவு உயர்ந்துவிட்டார் பாருங்கள்!
*— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆரியங்காவு*

பதில்: சரிதான் ஐயா, வலிக்கிறது என்றாலும் சரிதான். 2024-இல் 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்தவர் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றியவர்) அவர். பாஸ்டனுக்குப் போன முதல் ஆண்டில் 18 வெற்றி, 255 ஸ்ட்ரைக்அவுட். ஆறு ஆண்டுக்கு 170 மில்லியன் டாலர் ஒப்பந்தமும் பெற்றார். ஆனால் அவரை விற்ற நாளில் அவர்மீது எங்களுக்கு இருந்த உரிமை இன்னும் இரண்டே பருவங்கள். அந்த இரண்டு பருவத்தில் நாங்கள் எந்த விதத்திலும் கோப்பையைத் தொடப்போவதில்லை. ஐந்து நாளுக்கு ஒரு முறை வீசுகிறவர் எத்தனை பெரியவராக இருந்தாலும், மற்ற நான்கு நாளின் ஓட்டையை அவரால் அடைக்க முடியாது.

அவருக்கு ஈடாக வந்தவர்களில் கேட்சர் கைல் டீல் 2025 ஜூனிலேயே முதல் அணிக்கு வந்து நன்றாக மட்டை பிடித்தார்; சேஸ் மைட்ராத் உள்களத்தில் (இன்ஃபீல்ட்) இடம் பிடித்தார். வெளிக்களத்தில் ஆடும் (அவுட்ஃபீல்டர்) பிரேடன் மான்ட்கோமெரி 2025-இல் மைனர் லீக்கில் வளர்ந்து வந்தார். இவர்களில் டீலைப் பற்றித்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். கேட்சர் என்பவர் பிட்சருக்கு எந்தப் பந்து, எந்த மூலை என்று ஒவ்வொரு வீச்சுக்கும் சொல்லி ஆட்டத்தை நடத்துகிறவர். பந்து ஸ்ட்ரைக் மண்டலத்தின் (சரியான வீச்சாகக் கணக்கிடப்படும் பகுதி) விளிம்பில் விழும்போது, மணிக்கட்டை அசைக்காமல் கையுறையைக் கீழிருந்து மெல்ல மேலே கொண்டுவந்து வாங்கினால் நடுவர் அதை ஸ்ட்ரைக் என்பார். கையுறை ஆடினால் ‘பால்’ (ball, தவறான வீச்சு) என்று விட்டுவிடுவார். ஓர் ஆட்டத்தில் இப்படி நாலைந்து பந்துகள் கைமாறினாலே இளம் பிட்சரின் மனநிலை மாறிவிடும். பிட்சர் லூகாஸ் ஜியோலிட்டோவைக் கொடுத்த பரிமாற்றத்தில் 2023-இல் வந்த எட்கர் கேரோவும் கேட்சர்தான். நல்ல இளம் கேட்சர்கள் இரண்டு பேர் இருப்பது எளிதில் அமையாத பேறு.

கேள்வி: வேண்டுமென்றே சில ஆண்டுகள் தோற்று, நல்ல இளைஞர்களைச் சேர்த்துக்கொள்வது புத்திசாலித்தனம் இல்லையா? ஹூஸ்டன் அப்படித்தானே ஜெயித்தது?
*— வாசகர், நகரி*

பதில்: இல்லை. ஹூஸ்டன் 2011 முதல் 2013 வரை முறையே 106, 107, 111 ஆட்டங்களில் தோற்று 2017-இல் கோப்பை வென்றது உண்மைதான்; அந்த ஆண்டிலேயே கேமரா வைத்து எதிரணிக் கேட்சரின் சைகைகளைத் திருடியதும் பின்னர் விசாரணையில் உறுதியானது. அந்த அணியின் உயிர்நாடியான ஹோஸே அல்டூவே, தோற்றதற்குப் பரிசாகக் கிடைத்தவர் அல்லர். அந்தத் தோல்விகளுக்கு முன்பே வெனிசுவேலாவில் 15,000 டாலருக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டவர். தோல்வியால் மட்டும் அணி தேறும் என்றால், 1993 முதல் 2012 வரை இருபது பருவங்கள் தொடர்ந்து தோல்விக் கணக்கிலேயே முடித்த பிட்ஸ்பர்க் எத்தனை கோப்பைகளை வென்றிருக்க வேண்டும்? மில்வாக்கியோ, சிறிய ஊர், சிறிய சம்பளப் பட்டியல். அணியை அடியோடு கலைக்காமலே 2025-இல் 97 ஆட்டங்களை வென்றது.

கேள்வி: ஐயா, எங்கள் பக்கம் தென்னந்தோப்பு மூப்படைந்தால் எல்லா மரத்தையும் ஒரே நாளில் வெட்ட மாட்டோம். நீங்கள் அந்த அணியின் பொறுப்பில் இருந்தால் என்ன செய்வீர்கள்?
*— விவசாயி, சித்தூர் (பாலக்காடு மாவட்டம்)*

பதில்: நீங்கள் சொன்னதையேதான் செய்வேன். பழைய மரங்களின் நிழலிலேயே கன்றை நட்டு, கன்று தேறத் தேற மூத்ததைப் படிப்படியாக எடுப்பதே முறை. எல்லோரையும் விற்றுவிட்டு இருபத்து மூன்று வயதுப் பையன்களை மட்டும் களத்தில் நிறுத்தினால், அவர்கள் தோற்கத்தான் பழகுவார்கள். பருவம் முழுவதும் தவறாமல் வீசக்கூடிய மூத்த பிட்சர்கள் இரண்டு பேரைக் குறுகிய ஒப்பந்தத்தில் எடுப்பேன். கடைசி இன்னிங்ஸ் வீசுகிறவருக்கு ஒரு டாலர்கூடப் பெரிதாகக் கொடுக்க மாட்டேன். கான்சாஸ் சிட்டி 2023-இல் 106 ஆட்டங்களில் தோற்றது. சேத் லூகோ, மைக்கேல் வாக்கா என்ற இரு மூத்த பிட்சர்களை வாங்கி, தன் இளம் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) பாபி விட் ஜூனியருக்கு 11 ஆண்டுக்கு 288.7 மில்லியன் டாலர் கொடுத்து அடுத்த ஆண்டே 86 வெற்றிகளுடன் பிளேஆஃப் சென்றது.

அடுத்ததாகப் பயிற்சியாளர்களுக்கும் தேர்வாளர்களுக்கும் பணம். ஷேன் ஸ்மித் என்ற பிட்சரை, மில்வாக்கி தன் நாற்பது பேர் கொண்ட முதன்மைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டிருந்ததால், 2024 டிசம்பரில் ரூல் 5 டிராஃப்டில் (இப்படி விடப்பட்டவர்களை மற்ற அணிகள் எடுக்கும் தேர்வில்) எங்கள் அணி 1,00,000 டாலருக்கு எடுத்தது. பருவம் முழுவதும் முதல் அணியிலேயே வைத்திருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. 2025-இல் அவர் சிறந்த ஆட்டக்காரர்களுக்கான ஆல் ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். தேடத் தெரிந்தவனுக்கு இத்தகைய ஆள் கிடைப்பான் என்பதால்தான், தேடுகிறவர்களின் சம்பளத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்கிறேன்.

2025-இல் அணி 60 வெற்றி, 102 தோல்வி. முந்தைய ஆண்டைவிட 19 வெற்றி கூடுதல். அதில் எனக்கு மிகப் பிடித்தவர், ஜூலையில் வந்து 71 ஆட்டங்களிலேயே 21 ஹோம்ரன் (நம் சிக்ஸர் போல) அடித்த ஷார்ட்ஸ்டாப் கோல்சன் மான்ட்கோமெரி. இந்த அணி தன் வரலாற்றில் 2025 வரை கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்குக் கொடுத்த 75 மில்லியன் டாலர்தான். சிகாகோ போன்ற பெருநகரத்தின் அணிக்கு அது அழகல்ல. கோல்சன் மான்ட்கோமெரி இன்னும் ஒரு பருவம் இதே போல ஆடினால், ஆறாண்டு முடிந்து வெளியேறும்வரை காத்திராமல், அதற்கு இரண்டு பங்கு கொடுத்தாவது அவரைப் பத்தாண்டுக்குப் பிடித்து வைக்க வேண்டும். உரிமையாளர் அதைச் செய்கிறாரா என்பதை வைத்துத்தான், இந்த முறை உண்மையாகவே கட்டுகிறார்களா என்று நான் முடிவு செய்வேன்.